வெள்ளிக்கிழமை நிமிடம்

பன்னிரண்டாவது பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்போதே நிமிடம் முடிந்தது. வாசிப்பு டீச்சர் கடிகாரத்தை நிறுத்தி, தன் கையிலிருந்த மதிப்பெண் தாளில் கடைசியாகக் காதில் விழுந்த சொல்லுக்குப் பக்கத்தில் கோடு போட்டார். எழுபத்தெட்டுச் சொற்கள். ஒரு பிழைகூட இல்லை.

"பலே, ரேடியோ!" என்றார்.

ஒன்பது வயதுப் பெண் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு, வீட்டில் காட்ட டீச்சர் எண்ணை எழுதித் தந்த சீட்டோடு நாற்காலியிலிருந்து குதித்து ஓடிப்போனாள். காலையில் தலைமையாசிரியை ஒலிபெருக்கியில் சொல்லும் அறிவிப்பை மதிய இடைவேளையில் அதே குரலில், அதே இருமலோடு திருப்பிச் சொல்வாள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். ஆண்டுத் தொடக்கத்தில் நிமிடத்துக்குப் பதினோரு சொல் படித்தவள் இன்று எழுபத்தெட்டு. டீச்சர் அந்த எண்ணை வட்டார அலுவலகப் படிவத்தில் நிரப்பிக் கைபேசியில் அனுப்பிவிட்டு, சுவரிலிருந்த வரைபடத்திலும் ஏற்றினார். கோடு மாடிப்படிபோல நேராக மேலே போயிற்று.

பிறகு மேசையிலிருந்த தாளை எடுத்து வைக்கப் போனார். கை பாதியில் நின்றது.

தாள் என்பது ஒரு கனத்த பிளாஸ்டிக் உறை. ஒரு பக்கம் கலங்கரை விளக்கக் காவலரைப் பற்றிய பத்தி. வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகள் படிப்பது அதைத்தான். மறு பக்கம் ஒரு பூட்டுக்காரரைப் பற்றிய பத்தி. ஆண்டு இறுதிக்கென்று ஒதுக்கி வைத்திருந்ததால் இந்த ஆண்டுப் பிள்ளைகள் யார் கண்ணிலும் இதுவரை பட்டதில்லை. இப்போது மேலே தெரிந்தது பூட்டுக்காரர்.

நாமே திருப்பி வைத்திருப்போம் என்று முதலில் நினைத்தார். ஆனால் ரேடியோ எழுந்துபோன பிறகு அவர் அதைத் தொடவேயில்லை. அப்புறம் நினைவு வந்தது. பதினோராவது பிள்ளை எழுந்தபோது உறை வழுக்கிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து, கிடைத்த பக்கமாக வைத்தார்.

அப்படியானால் அந்தப் பெண் பூட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டு கலங்கரை விளக்கத்தைப் படித்திருக்கிறாள். எழுபத்தெட்டுச் சொற்கள், பிழையில்லாமல். விரல் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு நகர்ந்ததை டீச்சர் பார்த்தார். வரி முடிந்ததும் விரல் கீழே இறங்கியதையும் பார்த்தார். அந்த விரலைப் பார்த்துத்தான் மனம் குளிர்ந்து பலே போட்டார்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

அந்த அறை முன்பு பந்தும் வலையும் போட்டு வைத்த கிடங்கு. இன்றும் ரப்பர் வாடை போகவில்லை. கதவில் 'விளையாட்டுப் பொருள் அறை' என்ற பலகையை யாரும் கழற்றவில்லை. பிள்ளையை அங்கே அனுப்புகிறோம் என்று கடிதம் போனால், சில பெற்றோர் விளையாட்டில் தேறிவிட்டான் என்று சந்தோஷப்பட்டுக்கொள்வார்கள். அறையின் நடுவில் ஒரு அலமாரி. அந்தப் பக்கம் டீச்சரின் மேசை, இந்தப் பக்கம் முறைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளின் பெஞ்சு. அலமாரி கூரையைத் தொடவில்லை.

அவர் கைபேசியை எடுத்து, கலங்கரை விளக்கப் பத்தியைத் தானே மெல்லிய குரலில் படித்துப் பதிவு செய்தார். அதை மேசையில் ஓடவிட்டு, சுற்றி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஒவ்வொரு சொல்லும் பக்கத்தில் உட்கார்ந்து காதில் சொல்வதுபோலக் கேட்டது. மூன்றாவது வாக்கியத்தில் தன் உதடுகள் கைபேசியை முந்திக்கொண்டு அசைவதை உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

பெயர் வரிசைப்படி ரேடியோ கடைசி. அவளுக்கு முன்னால் பதினொரு பேர். இருபது வெள்ளிக்கிழமைகள். இருநூற்று இருபது முறை.

*

அவர் இந்த வேலைக்கு வந்து பத்தொன்பது ஆண்டுகள். வகுப்பாசிரியராக இருந்தவர், எழுத்தைக் கண்டால் வியர்க்கும் பிள்ளைகளுக்கென்று தனியாக இரண்டு ஆண்டு படித்துவிட்டு வந்தார். மற்ற ஆசிரியர்களுக்கு ஏறிப்போக ஏணி இருந்தது. வாசிப்பு டீச்சருக்கு ஏணியும் இல்லை, நிரந்தர வேலையும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். மூன்றாண்டுகளுக்கு முன்னால் 'வெள்ளிக்கிழமை நிமிடம்' என்ற முறையை உருவாக்கினார். வாரம் ஒருமுறை, ஒரே பத்தி, ஒரு நிமிடம். பத்தி மாறினால் ஒன்று எளிதாகவும் ஒன்று கடினமாகவும் அமைந்துவிடும். அளக்கிற கோல் மாறிக்கொண்டே இருந்தால் வளர்ச்சி எப்படித் தெரியும் என்பது அவர் வாதம். கேட்டவர்கள் எல்லாருக்கும் சரியென்று பட்டது. வட்டார அலுவலகம் அதை எடுத்து மற்ற இருபத்தொரு பள்ளிகளுக்கும் கொடுத்தது. அதே பத்தி, அதே உறை.

இப்போது வட்டார வாசிப்பு ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு புதிய பதவி. நிரந்தரமானது. புதன்கிழமை நேர்காணல். குழுவின் முன்னால் ஒரு பிள்ளையைப் படிக்க வைத்துக் காட்ட வேண்டும். டீச்சர் எழுதிக் கொடுத்திருந்தது ரேடியோவின் பெயர்.

எல்லாவற்றிலும் அவர் மண்டையைக் குடைந்தது ஒன்றுதான். மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தும்போதெல்லாம் அவர் முதலில் சொல்வது, "இந்தப் பிள்ளைகளுக்குக் கண் தயங்கும், காது ஓடும். கேட்டதை வைத்துச் சமாளிப்பார்கள், ஏமாந்துவிடாதீர்கள்" என்பது. அதைத் திரையில் பெரிய எழுத்தில் போட்டுக் காட்டுவார்.

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனை ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். அக்காவோடு ஒரே வீட்டில் இருப்பவள்.

"என்னக்கா, பேயறஞ்ச மாதிரி வர்ற?"

"ஒரு பொண்ணு படிச்சாடி. ஆனா படிக்கல."

"அதென்ன கணக்கு? குளிச்சேன், ஆனா நனையலங்கற மாதிரி."

டீச்சர் நடந்ததைச் சொன்னார். தங்கை ஒரு சட்டையை மூன்று முறை மடித்துப் பிரித்தாள்.

"சரி, இதுல என்ன கொழப்பம்? எங்க லேப்ல சாம்பிள் மாறிப்போச்சுன்னா ரிப்போர்ட்ட ஒக்காந்து திருத்த மாட்டோம். ஆளக் கூப்ட்டு மறுபடி ரத்தம் எடுப்போம்."

"திட்ட மாட்டாங்களா?"

"திட்டுவாங்க. காதக் குடுத்துட்டு ஊசியக் குத்த வேண்டியதுதான்."

"இது ரத்தம் மாதிரி இல்லடி. அவளுக்கு மனப்பாடம்னு மட்டும்தான் இப்ப தெரியுது. படிக்கத் தெரியாதுன்னு ஆயிடுமா? தெரிஞ்சும் இருக்கலாம். எனக்கு ஒண்ணும் புரியல. மத்த பதினொரு பேரு? மத்த பள்ளிக்கூடம்? நான் மூணு வருஷமா என்னத்த அளந்தேன்?"

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. இத யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்ல."

"ம்." தங்கை சட்டையை அடுக்கின் மேல் வைத்தாள். "நான் ஒண்ணும் சொல்லலப்பா. கேட்டேன், அவ்ளோதான்."

*

திங்கட்கிழமை டீச்சர் பெஞ்சைத் தானே இழுத்து நடைவழியின் கோடியில் போட்டார். பன்னிரண்டு பேருக்கும் பன்னிரண்டு வெவ்வேறு பக்கங்கள், யாரும் தொட்டிராத கதைப் புத்தகங்களிலிருந்து. வார இறுதி முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: எல்லாருக்கும் எண்கள் சரிந்தால் முறையே தவறு. யாருக்கும் எண் சரியவில்லையென்றால் ரேடியோ மட்டும் விதிவிலக்கு. எப்படியும் மாலைக்குள் தெளிந்துவிடும்.

தெளியவில்லை. நான்கு பேர் பழைய எண்ணிலேயே நின்றார்கள். ஆறு பேருக்குச் சரிந்தது, ஆனால் ஒருவருக்கு ஐந்து, ஒருவருக்கு முப்பது என்று கன்னாபின்னாவென்று. எல்லாரும் ஆமை என்று கூப்பிடும் பையனுக்கோ எண் ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் நாற்பதைத் தாண்டாதவன் ஐம்பத்திரண்டு படித்தான்.

"இது எப்படிடா?" என்று டீச்சர் கேட்டேவிட்டார்.

"அந்த லைட்ஹவுஸ் கத போர் டீச்சர். பாத்தாலே தூக்கம் வரும். இதுல கரடி வருது."

டீச்சர் தாளில் ஏதோ எழுதப் போனார். என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனாவை மூடினார்.

கடைசியாக ரேடியோ வந்தாள். உட்கார்ந்தாள். புதுப் பக்கத்தைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள்.

"டீச்சர், வேகமா படிக்கணுமா, நெஜமா படிக்கணுமா?"

"ரெண்டும் வேற வேறயா?"

"ஆமா டீச்சர். வெள்ளிக்கிழம வேகமா. வீட்ல தங்கச்சிக்கு நெஜமா." ஏழைந்து முப்பத்தைந்து என்று சொல்லும் குரல்தான். அதில் கள்ளம் துளியும் இல்லை. "நெஜமா படிச்சா மெதுவாத்தான் வரும். நீங்க வாட்ச் வெச்சிருக்கீங்கல்ல? அதான் வேகமா."

"அப்பறம் வெரல ஏன் நகத்துன?"

"நீங்கதான வெரல் வெச்சுப் படிக்கச் சொன்னீங்க?"

பாவம், சொன்னதைத்தான் செய்திருக்கிறாள். வேகம் கேட்டார்கள், கொடுத்தாள். விரல் கேட்டார்கள், அதையும் கொடுத்தாள்.

"நெஜமா படி," என்றார் டீச்சர்.

இருபத்தொன்பது சொற்கள். திக்கித் திணறி, இரண்டு இடத்தில் பின்னால் போய்த் திருத்திக்கொண்டு, ஆனால் தாளில் இருந்த சொற்களை. டீச்சர் இருபத்தொன்பது என்று எழுதி வெகு நேரம் அதையே பார்த்தார். எழுபத்தெட்டிலிருந்து பார்த்தால் பாதாளம். பதினொன்றிலிருந்து பார்த்தால் ஒரு பிள்ளை தன் காலில் ஏறி வந்த உயரம். இரண்டில் எதற்கு வருத்தப்படுவது, எதற்குச் சந்தோஷப்படுவது?

தலைமையாசிரியையின் அறையில் அவர் கால் மணி நேரம் பேசினார். தலைமையாசிரியை இரண்டு முறை இருமினார்.

"டீச்சர், சுத்தி வளைக்காதீங்க. அந்தப் புள்ள படிக்குதா, படிக்கலையா?"

"படிக்குது மேடம். எழுபத்தெட்டு இல்ல, இருபத்தொம்பது."

"கொறஞ்சுடுச்சா?"

"இல்ல, வருஷ ஆரம்பத்துல பதினொண்ணு."

"அப்ப கூடியிருக்கு."

"ஆமா."

"அப்ப அந்த எழுபத்தெட்டு?"

"அது என்னன்னுதான் எனக்குத் தெரியல."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எனக்குத் தல சுத்துது. இங்க பாருங்க, அனுப்பின படிவத்துல ஒரு புள்ளைக்கு ஒரு கட்டம்தான். அதுல எழுபத்தெட்டுன்னு போயாச்சு. நான் ஒண்ணு சொல்றேன், பெரியவ சொல்றேன்னு கேளுங்க. புதன்கெழம அந்தப் புள்ள வழக்கம்போல ஒப்பிச்சுட்டுப் போகட்டும். நீங்க பதவிக்கு வாங்க. வந்த மறுநாளே எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் பெஞ்சத் தூக்கி வெளிய போடுங்க, பத்திய மாத்துங்க. உங்களுக்கு பதிலா வேற யாராச்சும் வந்தா இதையெல்லாம் யார் செய்வா? உள்ள போனாத்தான ரிப்பேர் பண்ண முடியும்?"

டீச்சர் மறுக்க வாயெடுத்தார். ஆனால் அந்தப் பேச்சில் தப்பு எங்கே இருக்கிறதென்று உடனே பிடிபடவில்லை. வீட்டுக்கு நடந்து போகும்போதும் பிடிபடவில்லை. செவ்வாய்க்கிழமை முழுக்கத் தேடினார்.

*

வட்டார அலுவலகத்தின் இரண்டாம் மாடி அறையில் நீள மேசை, அதன் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த அதிகாரி தடித்த பச்சைப் பேனா வைத்திருந்தார். கதவுக்குப் பக்கத்தில் ரேடியோவின் அம்மா, வேலையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தவர், கைப்பையை மடியில் இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மாடிப்படியில் ஏறும்போது அவர் டீச்சரிடம் சொன்னார், "பதினொண்ணுல இருந்த புள்ள டீச்சர். எழுபத்தெட்டுன்னு நீங்க எழுதி அனுப்புன சீட்ட அவங்கப்பா பர்ஸுல வெச்சுக்கிட்டு சுத்தறாரு. ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டிட்டாரு."

இந்த அப்பாவை டீச்சர் தன் கணக்கில் சேர்க்கவேயில்லை.

கேள்விகள் முடிந்தன. அதிகாரி படிவத்தைப் பார்த்துத் தலையாட்டினார். "உங்க முறைய ரொம்பப் பேசிக்கிறாங்க மேடம். எழுபத்தெட்டு. அருமை. ஆரம்பிக்கலாமா?" கைபேசியில் ஒரு நிமிடம் வைத்தார்.

ரேடியோ நாற்காலியில் ஏறி உட்கார்ந்து கால்களை ஆட்டினாள். உறை டீச்சரின் கையில் இருந்தது. கலங்கரை விளக்கம் மேல் பக்கமாகத்தான் கொண்டுவந்திருந்தார். தலைமையாசிரியை சொன்னதில் தப்பை அந்த நிமிடம் வரை அவர் கண்டுபிடிக்கவில்லை.

"டீச்சர்," என்றாள் ரேடியோ, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "வேகமாவா, நெஜமாவா?"

அதிகாரி சிரித்தார். "என்ன கேக்குது பாப்பா?"

அறை டீச்சரைப் பார்த்தது. அம்மாவும் பார்த்தார். ரேடியோ மட்டும் காத்திருந்தாள். எது வேண்டுமோ அதைக் கொடுக்கத் தயாராக, கடைக்காரர்போல. வேகமா என்று தான் சொன்னால் இந்தப் பெண் அதுதான் படிப்பு என்று வாழ்நாள் முழுக்க நம்பக்கூடும் என்று டீச்சருக்குத் தோன்றியது. அது சரியான காரணமா, அல்லது பயத்தில் உதித்த காரணமா என்று யோசிக்க நேரமில்லை. கை முந்திக்கொண்டு உறையைத் திருப்பி மேசையில் வைத்தது.

"நெஜமா," என்றார்.

"பூட்... டுக்... பூட்டுக்காரர்," என்று தொடங்கினாள் ரேடியோ.

முதல் வரிக்கே பத்து விநாடி ஆயிற்று. மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ தண்ணீர்க் குவளையை நகர்த்தினார்கள். கதவுப் பக்கம் டீச்சர் திரும்பவில்லை. அம்மா கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ரேடியோ ஒரு சொல்லில் முட்டி நின்றாள், பின்வாங்கினாள், மறுபடி மோதி உள்ளே போனாள். வியர்வை அரும்பியது. கால்கள் ஆடுவதை நிறுத்தியிருந்தன.

கைபேசி கூவியது. முப்பத்தொன்று.

"பயந்துட்டா சார்," என்று அம்மா எழுந்தார். "வீட்ல நல்லா சொல்லுவா. இன்னொரு தடவ..."

"பயம் இல்லம்மா," என்றார் டீச்சர். "அவ இப்படித்தான் படிக்கறா. நல்லாத்தான் படிக்கறா. எழுபத்தெட்டுன்னு சொன்னது என் தப்பு." பிறகு மேசையைப் பார்த்து, பெஞ்சையும் அலமாரியையும் இருநூற்று இருபது முறையையும் சொன்னார். பயிற்சிகளில் வரும் கோவையான பேச்சாக இல்லை. நடுவிலிருந்து தொடங்கி முன்னும் பின்னுமாகப் போயிற்று.

அதிகாரி படிவத்தைக் கையில் எடுத்தார். "அப்ப மத்த இருபத்தொரு பள்ளிக்கூடத்து நம்பரும்?"

"தெரியல சார்."

"தப்புங்கறீங்களா?"

"சிலது சரியா இருக்கும். எதுன்னு தெரியல. திரும்ப ஒக்காந்து கேட்டாத்தான் தெரியும்."

ஒரு நேர்காணலில் தெரியவில்லை என்று அவர் சொன்னது இதுதான் முதல் தடவை. அடுத்தடுத்து இரண்டு முறை சொல்லியாயிற்று. அதிகாரி பச்சைப் பேனாவைத் திறந்து அவருடைய பெயர் இருந்த வரியில் ஒரு கோடு இழுத்தார். அது பெயருக்குக் கீழே போகிறதா, குறுக்கே போகிறதா என்று எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்த டீச்சருக்குப் புலப்படவில்லை.

"சரி மேடம். கடிதம் வரும். பாப்பா, முடிஞ்சுதும்மா, நீ போகலாம்."

ரேடியோ போகவில்லை. யாரும் அவளைக் கவனிக்காத நேரத்தில் அவள் விரல் இன்னும் மூன்று வரி இறங்கியிருந்தது. திடீரென்று வாய்விட்டுச் சிரித்தாள்.

"டீச்சர்! சாவி கடைக்குள்ளயே இருக்கு! பூட்டுக்காரரே பூட்டிட்டு வெளிய நிக்கறாரு!"

மேசைக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் தன்னையறியாமல் எட்டிப் பார்த்தார். அம்மா நின்ற இடத்திலேயே நின்றார். இருநூற்று இருபது முறை கேட்ட கதையில் இந்தப் பெண் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை என்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்பறம் எப்படி உள்ள போவாரு டீச்சர்?"

டீச்சர் சொல்ல வாயெடுத்தார். ஆண்டு இறுதிக்கென்று பூட்டி வைத்த பத்தி. கடைசியாக அதை எப்போது முழுதாகப் படித்தார் என்பதே நினைவில் இல்லை. அவர் நாற்காலியை இழுத்து ரேடியோவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் தெரியல," என்றார். "படி."